உடற்சுத்தியும் பேதி மருந்தும்

உடம்பினுள்ளே நாள்தோறும் அழுக்குச் சேர்கின்றது; அதனை இடையிடையே கழுவி வெளியேற்றினால் நோய் அணுகாது என்னும் எண்ணம் மிகப் பழமை வாய்ந்தது. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி, ஆறு திங்களுக்கு ஒருமுறை வாந்தி மருந்தும், நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதி மருந்தும், ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை மூக்கில் இடும் நசியமும் கொள்ளுமாறு கூறுகின்றது. ஈழத்துத் தமிழர் இல்லங்களிலே ‘பேதிக்குக் குடித்தல்’ பல தலைமுறைகளாக நிலவிய வழக்கமாகும். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் வரிசையாக இருத்தப்படுவர். விடியற்காலையில், வெறுவயிற்றில், ஆமணக்கெண்ணெயோ நிலாவாரைக் குடிநீரோ கடுக்காய்க் கஷாயமோ புகட்டப்படும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய பின்னர் பனங்கட்டித் துண்டொன்று கிடைக்கும். நண்பகல்வரை வயிறு கழியும், பின்னர் கஞ்சி, மாலையில் மிளகுரசமும் சோறும். மறுநாட் காலையில் உடம்பு இலேசாகிவிட்டதென வீட்டார் மகிழ்வர்.

இவ்வழக்கம் இன்று பெரிதும் அருகிவிட்டது. ஆயின் அதன் அடியிலிருந்த எண்ணம் மறையவில்லை, உடைமாற்றிக்கொண்டு வந்திருக்கின்றது. ‘டீடொக்ஸ்’ என்னும் பெயரோடு, மெலிவிக்கும் தேயிலையாகவும், பச்சைச் சாறாகவும், மூன்று நாள் நீர் விரதமாகவும், பாதங்களை அமிழ்த்தும் மின்னீர்த் தொட்டியாகவும் அது விலைபோகின்றது. வீட்டிலேயே உடற்சுத்தி செய்துகொள்ள விரும்புவோர் பலர். அவ்விருப்பம் இகழ்தற்குரியதன்று, உடலைப் பேண வேண்டும் என்னும் நல்ல கவலையிலிருந்தே அது பிறக்கின்றது. ஆதலின், உடலில் உண்மையாகவே சேரும் கழிவு யாது, அதனை வெளியேற்றுவது எது, வீட்டிலே செய்யத்தக்கது எது, செய்யத்தகாதது எது என்பவற்றை ஒழுங்காக அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலாவதாக ‘நஞ்சு’ என்னும் சொல்லை நோக்குவோம். 2009 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே இளம் விஞ்ஞானிகள் சிலர், நச்சுநீக்கி என விற்கப்பட்ட 15 பொருள்களைத் தெரிந்தெடுத்து, இவை எந்த நஞ்சை நீக்குகின்றன, எவ்வாறு நீக்குகின்றன என அவற்றைச் செய்தோரிடமும் விற்றோரிடமும் வினவினர். அச்சொல்லுக்கு எந்த இருவரும் ஒரே பொருளைக் கூறவில்லை. எதிரி யாரென்று அறியாதவன் எய்யும் அம்பு எங்கே தைக்கும்? பெயர் சொல்ல இயலாத நஞ்சை நீக்கும் மருந்தின் பயனும் அத்தகையதே.

உடலிலே கழிவு உண்டாகவில்லை என்பது இதன் கருத்தன்று. அது கணந்தோறும் உண்டாகின்றது. உண்ட உணவு எரியும்போது காபனீரொட்சைட்டு வாயு பிறக்கின்றது. அதனை நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளியேற்றுகின்றது. மீன், இறைச்சி, பருப்பு முதலியவற்றிலுள்ள புரதம் சிதையும்போது அமோனியா உண்டாகின்றது. அது மூளைக்குத் தீங்கு செய்வது, உண்மையாகவே நஞ்சு. ஈரல் அதனைத் தீங்கற்ற யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகின்றது; சிறுநீரகங்கள் அந்த யூரியாவைச் சிறுநீரோடு கழிக்கின்றன. சாராயத்திலுள்ள அற்ககோல், நோவுக்கு விழுங்கும் பரசிற்றமோல் குளிசை, பழைய குருதிக் கலங்கள் சிதைந்து வரும் மஞ்சள் நிறப்பொருள் ஆகியவற்றையெல்லாம் ஈரலே பக்குவப்படுத்துகின்றது.

சிறுநீரகங்களின் உழைப்பு வியப்புக்குரியது. கைம்முட்டி அளவான இவ்விரண்டு உறுப்புகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 இலீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. வடித்த நீரில் உடலுக்கு வேண்டிய உப்பும் சர்க்கரையும் நீரும் மீண்டும் இரத்தத்திற் சேர்க்கப்பட, எஞ்சிய ஒன்றரை இலீற்றரளவே சிறுநீராக வெளியேறுகின்றது. மூன்று இலீற்றரளவான இரத்தத் திரவம் ஒரே நாளில் அறுபது முறை சலித்தெடுக்கப்படுகின்றது என்றால், ஆண்டுக்கு மூன்று முறை பேதிக்குக் குடித்து உடலைக் கழுவுதல் அதன் முன்னே எம்மட்டு?

இவ்வேலையை வெளியிலிருந்து விரைவுபடுத்தவும் முடியாது. மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் அற்ககோலையே ஈரல் சிதைக்கும். தேசிக்காய்ச் சாறு குடித்தாலும், கடுங்கோப்பி குடித்தாலும், தலையிலே குளிர்நீர் வார்த்தாலும் அவ்வளவு கூடாது. வியர்வை வழியாக நஞ்சு கழியும் என்பாரும் உளர். வியர்வையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி உப்பு. உடற்சூட்டைத் தணித்தலே அதன் தொழில்.

பெருங்குடலில் மலம் தேங்கினால் அதிலிருந்து நஞ்சு ஊறி இரத்தத்திற் கலந்துவிடும் என்னும் அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரான்சிய வைத்தியரான சாள்ஸ் பூசார் என்பவர் 1887 ஆம் ஆண்டில் இக்கொள்கையை நூலாக வெளியிட்டார். 1908 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மெச்னிக்கோவ் என்னும் பேரறிஞரும், குடலிலுள்ள பற்றீரியாக்களே மூப்பை விரைவுபடுத்துகின்றன என நம்பிப் புளித்த பாலை அருந்துமாறு கூறினார். இலண்டனிலே புகழ்பெற்ற சத்திர வைத்தியரான சேர் வில்லியம் ஆபத்நொட் லேன் இன்னும் ஒருபடி சென்று, மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டியெடுத்து வந்தார். 1913 ஆம் ஆண்டில் இலண்டன் அரச மருத்துவச் சங்கத்தில் இதுபற்றிப் பெரும் வாதம் நிகழ்ந்தது.

இக்கொள்கையைத் தளர்த்தியவை எளிய ஆராய்ச்சிகளே. அமெரிக்க வைத்தியரான வோல்ற்றர் அல்வரஸ் 1919 ஆம் ஆண்டில் ஒரு கேள்வியை எழுப்பினார். மலச்சிக்கலால் வந்த தலையிடியும் சோர்வும் மலம் கழிந்த சில நிமிடங்களிலேயே மறைகின்றனவே; இரத்தத்திற் கலந்த நஞ்சு அவ்வளவு விரைவில் நீங்குமா? 1922 ஆம் ஆண்டில் டொனால்ட்சன் என்பார் சுகதேகிகளின் மலக்குடலிலே பஞ்சை அடைத்துப் பார்த்தார். பஞ்சிலே நஞ்சு ஏது? எனினும் அதே தலையிடியும் சோர்வும் தோன்றின. பஞ்சை எடுத்ததும் மறைந்தன. குடல் நிறைந்து விரிவதனால் நரம்பு வழியாக எழும் வருத்தமே அது; இரத்தம் நஞ்சேறியதன் விளைவு அன்று.

ஆண்டுக்கணக்கிற் பழைய மலம் குடற்சுவரிலே படிந்திருக்கும் என்பதும் பொருந்தாது. பெருங்குடலின் உட்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றது. குடலைத் திறந்து சத்திர சிகிச்சை செய்யும் வைத்தியர்களும், ஒளிக்குழாய் விட்டு உள்ளே பார்ப்போரும் அத்தகைய படிவைக் காண்பதில்லை. நாளுக்கு மூன்று முறை மலம் கழிப்பவரும், வாரத்துக்கு மூன்று முறையே கழிப்பவரும் சுகதேகிகளாக இருக்கலாம்.

அங்ஙனமாயின் முன்னோர் வழக்கம் முற்றும் பொருளற்றதோ என வினவலாம். அன்று. ஒரு காலத்திலே இலங்கைப் பிள்ளைகளின் வயிற்றில் வட்டப்புழுவும் கொளுக்கிப்புழுவும் மலிந்திருந்தன. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்க றொக்பெல்லர் தாபனத்தின் உதவியோடு கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையிலே, பெரும்பாலும் தோட்டப் பகுதிகளை நோக்கி, தொடங்கியது. அக்காலத்தில் தைமோல் போன்ற புழுக்கொல்லி மருந்தைக் கொடுத்தபின், செத்த புழுவையும் எஞ்சிய மருந்தையும் விரைவில் வெளியேற்றப் பேதியுப்பு கொடுத்தல் முறையாயிருந்தது. பேதிக்கு அங்கே திட்டமான நோக்கம் இருந்தது. இன்றோ அல்பெண்டசோல், மெபெண்டசோல் ஆகியவற்றில் ஒன்றை ஒரேயொரு வேளை கொடுப்பதே பெரும்பாலும் போதுமானது, பேதி வேண்டியதில்லை. நோக்கம் நீங்கிய பின்னும் பேதி மட்டும் நின்றுவிட்டது.

மறுநாள் தோன்றிய இலேசுக்கும் காரணம் உண்டு. அன்று வெயிலில் அலைதல் இல்லை. எண்ணெய்ப் பலகாரம் இல்லை. மீனும் இறைச்சியும் இல்லை. கஞ்சியும் இரசமும் உறக்கமுமே உண்டு. உடல் இளைப்பாறியது. இளைப்பாற்றிய பெருமையைப் பேதி மருந்து தட்டிக்கொண்டது. நிறைத்தட்டில் ஏறிப் பார்த்தால் நிறையும் குறைந்திருக்கும். ஆயின் உணவின் சத்தைச் சிறுகுடல் முன்னரே உறிஞ்சிவிடுகின்றது. பேதி பெரும்பாலும் பெருங்குடலிலேதான் வேலை செய்கின்றது. ஆதலின் போனது கொழுப்பன்று, நீர். இரண்டு நாளில் அது திரும்பி வரும்.

பயனின்மை மட்டுமே குற்றமாயின் பெரிதாக எச்சரிக்க வேண்டியதில்லை. தீங்கும் உண்டு. பேதியால் நீரோடு சோடியமும் பொற்றாசியமும் கழிகின்றன. பொற்றாசியம் மிகக் குறைந்தால் தசை தளரும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். இரத்த அமுக்கத்துக்கு நீர் பிரிக்கும் குளிசை எடுப்பவருக்கு இவ்வாபத்து இரட்டிப்பாகும். மகனீசியம் சல்பேற்று ஆகிய பேதியுப்பைச் சிறுநீரகம் தளர்ந்தவர் குடித்தால், மகனீசியம் கழியாது இரத்தத்திற் சேர்ந்து மூச்சையும் இதயத்தையும் தாக்கும். மெலிவிக்கும் தேயிலைகள் பலவற்றில் இருப்பது நமது பழைய நிலாவாரையே. பேதி மருந்தை நாடோறும் உபயோகிப்பவர், அதுவின்றி மலம் கழியாது என்னும் நிலையையும் அடைகின்றனர்.

இயற்கையான பச்சிலைச் சாறு யாது தீங்கு செய்யும் என நேயர்கள் கருதலாம். புளிப்பு மிக்க பிலிம்பிக்காயை எடுத்துக்கொள்வோம். இரத்தக் கொழுப்பைக் குறைக்குமென நம்பி அதன் சாற்றைப் பெருமளவிற் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததைக் கேரள வைத்தியர்கள் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுட் பலருக்கு இயந்திரத்தின் உதவியால் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. அக்காயிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் சிறுநீரகக் குழாய்களிலே பளிங்காக உறைந்து அடைத்துவிடுவதே காரணம். அதே குடும்பத்தைச் சேர்ந்த தமரத்தங்காய், அதாவது காமரங்காய்ச் சாற்றால் சிறுநீரகம் பழுதுற்றோரைப் பற்றி இலங்கை வைத்தியர்களும் மருத்துவ ஏடுகளில் எழுதியுள்ளனர். கறியிலே ஒன்றிரண்டு காய் சேர்ப்பது வேறு. வெறுவயிற்றிலே குவளை குவளையாகச் சாறு குடிப்பது வேறு. பசளிக் கீரையிலும் ஒட்சலேற்று மிகுதியாக உண்டு.

பெல்ஜியத்தின் தலைநகரான பிறசல்சிலே 1990 ஆம் ஆண்டையடுத்து, உடல் மெலிவதற்காக மூலிகைக் குளிசை விழுங்கிய பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் மீளா வண்ணம் பழுதுற்றன. பாதிக்கப்பட்டோர் தொகை நூறுக்கு மேற்பட்டது. அரிஸ்ற்றொலோக்கியா என்னும் செடியினத்தின் நஞ்சு அதிற் கலந்திருந்தது. பின்னர் அவர்களுட் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையிலே புற்றுநோயும் தோன்றியது. நம் நாட்டில் மருந்தாக வழங்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை என்பதை மறத்தலாகாது. பச்சிலை என்னும் பெயர் மட்டுமே காப்பு ஆகாது.

நீரும் அளவை மிஞ்சினால் தீங்காகும். புத்தாண்டையொட்டி உடற்சுத்தி செய்யப் புகுந்து, மூலிகை மருந்துகளோடு மிகுதியாக நீரும் குடித்து வந்த 47 வயதுப் பெண் ஒருவர் வலிப்புக் கண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட செய்தியைப் பிரித்தானிய மருத்துவ ஏடொன்று 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. குடலைக் குழாய் நீரால் கழுவுவோருக்கும் உப்புநிலை தவறலாம். சிற்சில வேளை குடலே துளைபடும். மின்னீர்த் தொட்டியிலே நீர் செம்மையாக மாறுவது, பாதத்திலிருந்து நஞ்சு இறங்குவதனால் அன்று. மின்வாய் இரும்பு துருவேறுவதனாலேயே. பாதத்தை வையாது மின்னைச் செலுத்தினும் அந்நிறம் தோன்றும்.

உலோக நஞ்சை நீக்கும் மருந்துகள் உண்மையிலேயே உண்டு. ஈயம் உடலிற் சேர்ந்தவருக்கு அதனைப் பற்றி இழுத்துச் சிறுநீரோடு கொணரும் மருந்தை, இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்தறிந்த பின்னரே, வைத்தியசாலையிற் கொடுப்பர். அவ்வகை மருந்தொன்று உடலிலுள்ள கல்சியத்தையும் சேர்த்து இழுத்தமையால், அமெரிக்காவிலே 2003 முதல் 2005 வரை மூவர் இறந்தனர். அவர்களுள் இருவர் குழந்தைகள். உண்மையான நச்சுநீக்கம் தேர்ந்த கைகளிலும் இத்துணை எச்சரிக்கையை வேண்டுவது.

இங்கே சித்த, ஆயுள்வேத வைத்தியரைப் பழிக்கும் நோக்கம் இல்லை. முறைப்படி கற்ற வைத்தியர் நோயாளியின் வயது, வன்மை, நாடி, பருவம் ஆகியவற்றை ஆராய்ந்து, முன்னும் பின்னும் பத்தியம் வகுத்தே பேதி கொடுப்பார். குழந்தை, முதியோர், கருப்பவதி, மெலிந்தோர் ஆகியோரை விலக்குவார். வீட்டிலே அயலார் சொற்கேட்டுக் குடிப்பதற்கும் அதற்கும் வேற்றுமை பெரிது.

இனி, வீட்டிலே செய்யத்தக்க உடற்சுத்தி யாது? ஈரலும் சிறுநீரகமும் ஓயாது உழைக்கின்றன. அவற்றின் வேலையை நாம் செய்தல் இயலாது. அவற்றின் சுமையைக் குறைத்தல் இயலும். இதுவே உடற்சுத்தியின் உண்மைப் பொருள். இதற்கு ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு, கீழ்வரும் ஒழுங்கைத் தொடங்கலாம்.

முதல் நாளிலே வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியைத் திறத்தல் வேண்டும். திகதி கடந்த குளிசைகளையும், பெயரறியாத பொடிகளையும், வேறொருவருக்கு வைத்தியர் எழுதிய மருந்துகளையும் ஒதுக்குக. மூட்டுநோவுக்கும் தலையிடிக்கும் நாள்தோறும் விழுங்கும் நோவு மருந்துகள் சிறுநீரகத்தையும் ஈரலையும் வருத்துவன. அவற்றைப் பற்றி வைத்தியரிடம் கேட்டறிக. ஆயின் இரத்த அமுக்கம், சலரோகம், இதயநோய், வலிப்பு ஆகியவற்றுக்கு வைத்தியர் தந்த மருந்தை ‘சுத்தி’யின் பொருட்டு ஒருநாளேனும் நிறுத்துதல் கூடாது.

இரண்டாவது, மதுவும் புகையிலையும். சாராயம், கள்ளு, பியர், சுருட்டு, பீடி, சிகரெட்டு, புகையிலை சேர்ந்த வெற்றிலை ஆகிய இவையே நம் வீடுகளுள் நுழையும் மெய்யான நஞ்சுகள். ஆயிரம் உரூபா கொடுத்து நச்சுநீக்கித் தேயிலை வாங்குவதினும், இவற்றை ஒரு வாரம் விலக்குதல் மேலானது. அதன்பின்னும் விலக்குதல் அதனினும் மேலானது. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் மட்டும் திடீரென நிறுத்தாது வைத்தியரின் உதவியை நாடுக. நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும்.

மூன்றாவது, உப்பும் சீனியும். உலக சுகாதார தாபனம் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கின்றது. அது ஒரு தேக்கரண்டி அளவு. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், பொதிசெய்த பொரியல் வகை ஆகியவற்றிலே மறைந்திருக்கும் உப்பும் இக்கணக்கிற் சேரும். தேநீருக்கு இடும் சீனியை நாளுக்கு நாள் அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு முணுமுணுக்காது பழகிக்கொள்ளும்.

நான்காவது, உணவு. குடலுக்கு ஏற்ற துடைப்பம் நார்ப்பொருளே. வளர்ந்தவருக்கு நாளுக்கு 25 கிராமுக்குக் குறையாத நார்ப்பொருளும், 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும். தீட்டாத சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, அவித்த பயறு, கடலை, வாழைப்பொத்தி, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பப்பாசிப்பழம் ஆகியவை எந்தச் சந்தையிலும் கிடைப்பன. இலைகளின் சாற்றைப் பிழிந்து சக்கையை எறிவதினும், முழு இலையையும் வறையாகவும் கஞ்சியாகவும் உண்பது நன்று. சக்கையிலேதான் நார் இருக்கின்றது. காலையிலே பச்சையரிசியும் தேங்காய்ப்பாலும் அளவாகச் சேர்ந்த இலைக்கஞ்சி நல்லுணவு. நார்ப்பொருளைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். ஒரே நாளிற் கூட்டினால் வயிறு ஊதும்.

ஐந்தாவது, நீர். சிறுநீர் இளமஞ்சளாக இருக்குமளவுக்குக் குடித்தால் போதுமானது. வெயிலில் உழைக்கும் கமக்காரருக்கும் மீனவருக்கும் கூடுதலாக வேண்டும். நிழலிலிருப்போருக்குக் குறைவாகப் போதும். கொதித்தாறிய நீர், மோர், இரசம் யாவும் இக்கணக்கிற் சேரும். தாகமில்லாதபோது கட்டாயமாகக் குடம் குடமாக விழுங்க வேண்டியதில்லை.

ஆறாவது, நடையும் உறக்கமும். நாளுக்கு அரை மணிநேரம் விரைந்து நடத்தல் குடலை அசைத்து மலச்சிக்கலைத் தீர்க்கும். ஈரலிற் படிந்த கொழுப்பையும் குறைக்கும். இரவிலே 7 மணிநேரத்துக்குக் குறையாது உறங்குக. காலை உணவுக்குப் பின் வயிறு இயல்பாக அசையும். அவ்வேளையில் அவசரமின்றி மலங்கழிக்கப் பழகினால் பேதி மருந்துக்கு இடமே இராது.

ஏழாவது நாளிலே, விரும்புவோர் பண்டை வழக்கத்தின் நற்பகுதியைக் கைக்கொள்ளலாம். பேதியை நீக்கி, கஞ்சியையும் இரசத்தையும் ஓய்வையும் வைத்துக்கொள்ளுக. சுகதேகியான வளர்ந்தவர் ஒருவேளை உணவைத் தவிர்த்து விரதமிருப்பதாற் கேடில்லை.

எனினும் இவ்வெளிய ஒழுங்கிலும் சிலருக்கு விலக்குகள் உண்டு. சலரோகத்துக்குக் குளிசையோ ஊசி மருந்தோ எடுப்பவர் உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழலாம். சிறுநீரக நோயுள்ளவருக்குக் கீரை, வாழைப்பழம், செவ்விளநீர் ஆகியவற்றிலுள்ள பொற்றாசியமே ஆபத்தாகும். நீரின் அளவும் அவர்களுக்கு வைத்தியர் வகுத்தபடியே இருத்தல் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வாபரின் எடுப்பவர் கீரையைத் திடீரெனக் கூட்டுதலோ குறைத்தலோ கூடாது. கருப்பவதிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர், முதியோர் ஆகியோர் எவ்வகைப் பேதியையும் பட்டினியையும் தாமாக மேற்கொள்ளலாகாது.

முன்னரே பேதி மருந்து குடித்து வயிறு கழிந்து சோர்ந்தவருக்கு, மருந்துக்கடைகளிலே ‘ஜீவனி’ என விற்கும் பொடியைப் பொதியில் விதித்தபடி நீரிற் கரைத்துக் கொடுக்கலாம். அது கிடையாவிடத்து, கொதித்தாறிய நீர் 1 இலீற்றரில் சீனி 6 மட்டமான தேக்கரண்டியும் உப்பு அரை மட்டமான தேக்கரண்டியும் கரைத்துச் சிறுகச் சிறுகப் பருக்குக. தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, தசைப்பிடிப்பு, சிறுநீர் குறைதல், பேச்சுத் தடுமாறல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் வீட்டிலே தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

உண்மையான நஞ்சு உள்ளே போனபோதும் இவ்விதியே பொருந்தும். குழந்தை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் உப்பு நீரோ முட்டையோ ஊட்டி வாந்தியெடுப்பித்தல் பெருந்தவறு. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் கேடு மிகும். குடித்த போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

அடிக்கடி வரும் சோர்வு, பசியின்மை, கண்ணில் மஞ்சள், காலில் வீக்கம், மலப்போக்கிற் புதிய மாறுதல் ஆகியவற்றை ‘உள்ளே அழுக்கு’ எனக் கொண்டு பேதிக்குக் குடிப்பதனால், ஈரல் நோயும் சிறுநீரக நோயும் புற்றுநோயும் காலம் கடந்து வெளிப்படுதல் உண்டு. பேதி விளைக்கும் கேடுகளுள் பெரிது இதுவே: பரிசோதிக்க வேண்டிய காலத்தை அது விழுங்கிவிடுகின்றது. உடற்சுத்திக்கெனப் பொருள் செலவிட எண்ணுபவர், அரச வைத்தியசாலையிலே இரத்த அமுக்கத்தையும் இரத்தச் சர்க்கரையையும் சிறுநீரையும் சோதிப்பித்துக்கொள்வாராக. உடலைக் கழுவும் வேலையை உடலே செய்துகொள்ளும். அவ்வேலை செவ்வனே நடைபெறுகின்றதா என நோக்குவதும், அதற்கு இடையூறு செய்யாதிருப்பதுமே இல்லத்தார் கடமையாகும்.